கண்ணாடிக்குள் ஒரு வன்னி

கொழும்பிலிருந்து பாரிசுக்கு வரும் விமானங்களின் சரக்கறையில் இரண்டு வகை மீன் பெட்டிகள் வருகின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், வெள்ளை றெஜிபோம் பெட்டிகள். ஒன்றுக்குள் ஐஸுக்கு நடுவே பாரையும் விளைமீனும் கிடக்கும். அவை பாரிசின் தமிழ்க் கடைவீதியான லாசப்பலுக்குப் போய், ஃபோபூர் சென் தெனி வீதிக் கடைகளில் முருங்கைக்காய்க் கட்டுகளுக்குப் பக்கத்தில் அடுக்கப்படும். மற்றதற்குள் பொலித்தீன் பைகள். பையில் மூன்றிலொரு பங்கு தண்ணீர், மேலே அடைத்த ஒட்சிசன், தண்ணீருக்குள் உயிருள்ள மீன்கள். பண்ணைக் குளங்களில் வளர்ந்த கப்பிகளும் இருக்கும். கிழக்குக் கரையில் ஆட்கள் மூழ்கிப் பிடித்த பவளப்பாறை மீன்களும் இருக்கும். முதற் பெட்டி வயிற்றுக்கு, இரண்டாவது கண்ணுக்கு.

கண்ணுக்கென்று வரும் மீனின் பயணம் கடினமானது. பையில் கட்டுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அதற்குத் தீனியை நிறுத்திவிடுவார்கள். வயிறு காலியாக இருந்தால்தான் வழியில் தண்ணீர் அழுக்காகாது. மீன் மூச்சுவிட விடக் கரியமிலவாயு தண்ணீரில் கரைந்து அமிலத்தன்மை ஏறும். மீனின் கழிவிலிருந்து சேரும் அமோனியாவின் நஞ்சை அந்த அமிலமே அடக்கி வைத்திருக்கும். அதனால் மூடிய பைக்குள் மீன் ஒருவாறு தாக்குப்பிடித்துவிடுகிறது. ஆபத்து பையைத் திறக்கும்போதுதான். காற்றுப் பட்டதும் கரியமிலவாயு வெளியேற, அடங்கிக் கிடந்த அமோனியா நஞ்சாக மாறுகிறது. ஒரு சமுத்திரத்தைக் கடந்த மீன் வந்துசேர்ந்த இடத்தில் சாவது இப்படித்தான். இந்த நகரத்துக்கு வந்துசேர்ந்த பிறகு உடைந்துபோன பல மனிதர்களை அறிந்தவன் நான். இந்த விவரத்தை என்னால் வாசித்துவிட்டுக் கடந்துபோக முடியவில்லை.

லாசப்பலிலிருந்து கார் து நோர் நிலையத்துக்கு நடக்கும் தூரம்தான். அங்கே 4ஆம் இலக்க மெத்ரோவில் ஏறிச் சாத்லேயில் இறங்கினால் செய்ன் நதிக்கரையில் கே து லா மெஜிஸ்ரி. செடிக் கடைகளும் பிராணிக் கடைகளும் தலைமுறைகளாக இருந்துவந்த கரை அது. சில கடைகள் இப்போது மூடிவிட்டன. 2024 ஜனவரி 1 முதல் பிரான்சில் கடைகளில் நாயும் பூனையும் விற்கக் கூடாது. மீன்களுக்கும் ஊர்வனவற்றுக்கும் அந்தத் தடை இல்லை.

இப்படியொரு கடையில் மீன் வாங்குபவர்கள் செய்யும் முதற்பிழை அநேகமாக ஒன்றுதான். தொட்டியைத் துடைத்துச் சுத்தமான புதுத் தண்ணீர் நிரப்பி, அன்றே மீனை விடுகிறார்கள். சில நாட்களில் மீன் செத்து மிதக்கிறது. தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, ஏன் செத்தது என்று கேட்கிறார்கள். தெளிவாக இருந்ததுதான் காரணம். மீனின் கழிவு அமோனியா; அதை நைத்திரைற்றாக மாற்ற ஒருவகைப் பற்றீரியா வேண்டும், நைத்திரைற்றை அதிகம் தீங்கில்லாத நைத்திரேற்றாக மாற்ற இன்னொரு வகை வேண்டும். கூழாங்கல்லிலும் வடிகட்டியிலும் இவை குடியேறிப் பெருகப் பல வாரங்கள் எடுக்கும். தோசை மாவைப் போலத் தண்ணீருக்கும் புளிக்க நாள் வேண்டும். அனுபவமுள்ளவர்கள் அதுவரை வெறுந்தொட்டியைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். மீன் வளர்ப்பு என்று நாம் சொல்வது உண்மையில் தண்ணீர் வளர்ப்பு. கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் தாங்கிப் பிடிப்பதால்தான் கண்ணுக்குத் தெரியும் அந்த ஒரு மீன் உயிரோடிருக்கிறது.

மீன்தொட்டியின் தொடக்கம் அழகுக்காக அல்ல என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ழான் வில்புரே பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1794-ல் ஒரு சிற்றூரில் பிறந்து, பாரிசுக்கு வந்து தையல் வேலை செய்தவர். திருமணமாகிச் சிசிலித் தீவின் மெசீனாவில் குடியேறியபின் தானாகவே இயற்கை அறிவியல் படித்தார். ஆர்கோனோட் என்னும் சிறிய கடல்வாழ் உயிர் தன் ஓட்டைத் தானே செய்கிறதா, வேறெதனிடமிருந்தோ பறித்துக்கொள்கிறதா என்பது அக்கால அறிஞர்களுக்குத் தீராத வழக்கு. உயிரோடு வைத்து நாள்தோறும் பார்த்தாலன்றி அதற்கு விடை கிடைக்காது. 1832-ல் அவர் கண்ணாடித் தொட்டியை உருவாக்கினார். அது தன் ஓட்டைத் தானே கட்டுகிறது, உடைந்தால் தானே திருத்துகிறது என்று நிறுவினார். அவர் செய்தவை மூன்று வகை. ஒன்று மட்டுமே வீட்டுக்குள் வைக்கும் தொட்டி. மற்றவற்றைக் கடல்நீரிலேயே இறக்கி வைத்தார்; பெரிய கூண்டுக்கு நங்கூரம்கூட இட்டிருந்தார். உயிரைத் தன்னிடம் கொண்டுவருவதைவிட, தான் அதன் தண்ணீருக்கு இறங்கிப்போவதையே அவர் கூடுதலாகச் செய்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அந்த மூன்றில் வீட்டுக்குள் வைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1869-ல் சீனாவிலிருந்து வந்த சொர்க்க மீனை பாரிசில் பியேர் கார்போனியே குஞ்சு பொரிக்க வைத்தபின், வெப்பநாட்டு மீன் ஐரோப்பிய வரவேற்பறைகளின் தளபாடமாயிற்று.

மீனிலிருந்து சிலந்திக்கு வருகிறேன். நான் சொல்ல வந்தது உண்மையில் சிலந்தியைப் பற்றித்தான்.

லாசப்பலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் ஆறாம் மாடியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. தாய் தகப்பன் வட இலங்கையின் வன்னிப் பக்கம், முல்லைத்தீவுக்காரர்; மகன் இங்கே பிறந்தவன். அவன் அறையில் உயரமான ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே நிமிர்த்தி வைத்த கார்க் மரப்பட்டை, அடியில் தென்னந்தும்புத் தூள், சுவரில் வெப்பமானி, ஈரப்பத மானி. பட்டையின் உட்புறத்தில், கால்களில் மஞ்சளும் கறுப்பும் கோலமிட்டது போன்ற அடையாளங்களோடு ஒரு பெரிய சிலந்தி. பொசிலோதேரியா ஃபாசியாட்டா. இலங்கையின் உலர்வலயக் காடுகளுக்கே உரிய இனம். ஊரில் நாம் புலிமுகச் சிலந்தி என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் குஞ்சு பொரித்ததென்று சொல்லும் கடதாசிகளை அவன் ஒரு கோப்பில் ஒழுங்காக வைத்திருக்கிறான்.

"ஊரிலை இதைக் கண்டா விளக்குமாத்தாலை அடிச்சு வெளியிலை எறிவம். இவன் காசு குடுத்து வாங்கி, அதுக்கு ஹீற்றரும் போட்டு வைச்சிருக்கிறான்" என்றார் தாய். குரலில் கோபத்தைவிட வியப்பே கூட.

மகன் எனக்குச் சொன்ன செய்திகள் நிறைய. 24 முதல் 28 பாகை வரை சூடு வேண்டும். ஈரம் குறைந்தால் தோல் உரிக்கும்போது கால் சிக்கிக்கொள்ளும். தோல் உரிக்க மல்லாந்து கிடக்கும். பழகாதவர்கள் செத்ததென்று எடுத்து வீசிவிடுவார்கள். எட்டுக் கண் இருந்தும் பார்வை மங்கல்; உடல் மயிர்களில் படும் அதிர்வே அதற்கு உலகம். கடித்தால் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் வாட்டும். பெண் சிலந்தி பத்து வருடத்துக்கு மேல் உயிர் வாழும். காட்டில் தாயும் குஞ்சுகளும் ஒரே மரப்பொந்தில் நெடுங்காலம் சேர்ந்திருப்பதுண்டு. டரண்டுலா என்னும் பெருஞ்சிலந்தி வகையில் இப்படிச் சேர்ந்து வாழ்பவை மிகச் சில.

வன்னியில் ஒருமுறையும் மழைக்காலம் கண்டிராத அந்தப் பிள்ளை, ஐப்பசி கார்த்திகையில் பெட்டிக்குள் கூடுதலாகத் தண்ணீர் தெளிக்கிறான். அது மாரி என்று அவனுக்குத் தெரியும். மாசிக்குப் பிறகு குறைக்கிறான். இடது பக்கம் ஈரமும் வலது பக்கம் காய்வுமாக வைத்து, எது வேண்டுமோ அதைச் சிலந்தியே தேர்ந்துகொள்ள விடுகிறான். அதன் காலடியில் இருக்கும் தும்புத் தூள்கூடக் கட்டியாக அழுத்தி இலங்கையிலிருந்து ஏற்றுமதியாவது. தாய்க்கு நினைவாக இருக்கும் நிலத்தை மகன் வெப்பமாகவும் ஈரமாகவும் அளந்து வைத்திருக்கிறான். அந்த அறையில் நின்றபோது, நான் அறிந்த எந்த ஊர்ச்சங்க விழாவையும்விட அந்தப் பெட்டிக்குள் வன்னி கவனமாகப் பேணப்படுவதாக எனக்குப் பட்டது.

ஆனாலும் மனம் அமைதியாகவில்லை.

"இவ்வளவு பாக்கிறியே, அதுக்கு உன்னைத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியாது மாமா. பத்து வருசம் வைச்சிருந்தாலும் தெரியாது. நான் வந்தா அதுக்கு ஒரு அதிர்வு, அவ்வளவுதான். அது எனக்குப் பிரச்சினையில்லை."

அந்தப் பதில் என்னோடு வெகுநாள் இருந்தது. நாயை வளர்ப்பதில் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. சோறு கொடுக்கிறோம், வாலாட்டுகிறது. கிளி பெயர் சொல்லி அழைக்கும்; பூனைகூடத் தன் மனநிலை வாய்த்தபோது மடியில் வந்து படுக்கும். சிலந்தியிடமும் பாம்பிடமும் அப்படி ஒன்றும் கிடையாது. இவற்றை வளர்ப்பவர்களை வெளியார் வக்கிரம் பிடித்தவர்கள் என்றோ வீரம் காட்டுபவர்கள் என்றோ எண்ணுகிறார்கள். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள்தான், பாம்பைக் கழுத்தில் போட்டுப் படம் எடுப்பதற்காகவே வாங்குபவர்கள். ஆனால் இந்தப் பிள்ளையிடம் நான் கண்டது வேறு. திரும்பி ஒன்றும் வராது என்று தெளிவாகத் தெரிந்தும், இரவு எழும்பி வெப்பமானியைப் பார்க்கும் கரிசனை. நன்றியை எதிர்பார்க்காத கவனம் மனிதரிடையே எவ்வளவு அரிது என்பது வயது போகப் போகத்தான் தெரிகிறது.

இந்தச் சிலந்திக் குலத்தின் ஊர்களைப் பற்றித் தேடி வாசித்தேன். இந்தியாவும் இலங்கையுமே பொசிலோதேரியாவின் தாய்நிலம். ஐரோப்பிய வளர்ப்பாளர் பலரும் ஆசைப்படும் நீலச் சிலந்தி, பொசிலோதேரியா மெட்டாலிகா, 1899-ல் ஒரே ஒரு மாதிரியை வைத்து அறிவியலுக்கு அறிவிக்கப்பட்டது. அது கிடைத்த இடம் ஆந்திரத்தின் கூட்டி ரயில்நிலைய மரக்கிடங்கு. வெட்டிய மரத்தோடு ரயிலேறி வந்த உயிர் அது. அதன் உண்மையான காடு எங்கே என்று ஒரு நூற்றாண்டு யாருக்கும் தெரியவில்லை. 2001-ல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடி காணப்பட்டது. 2008-ல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அது உலகச் சிவப்புப் பட்டியலில் ஏறியபோது, அது வாழ்வதாக அறியப்பட்ட பரப்பு 100 சதுர கிலோமீற்றருக்கும் குறைவு. அதே இனம் இன்று உலகெங்கும் கண்ணாடிப் பெட்டிகளில் பெருகிக் கிடக்கிறது.

இன்னொன்று 2004-ல் ராமேஸ்வரத்தில் அறியப்பட்டது. அங்கேயுள்ள அனுமன் கோயிலொன்றின் பெயரையே அதற்கு வைத்தார்கள், பொசிலோதேரியா ஹனுமவிலாசுமிக்கா. தீவின் புளியந்தோப்புகளில் வாழ்வது. சில ஆண்டுகள் கழித்து இலங்கையின் மன்னாரிலும் அதையே கண்டார்கள். ராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் நடுவே இன்று கடல். முன்னொரு காலத்தில் நிலம் தொடுத்துக் கிடந்தபோது நடந்து போன சிலந்திகளின் வழிவந்தவை இருகரையிலும் இருக்கின்றன. அதே நீரைத்தான் போருக்குத் தப்பி எங்கள் ஆட்கள் இரவுகளில் படகேறிக் கடந்தார்கள்.

வன்னியின் மாங்குளத்துச் சிலந்தியைப் பற்றி வாசித்தபோது கொஞ்ச நேரம் மேலே வாசிக்க இயலவில்லை. போர் முடிந்து ஐந்து மாதம். 2009 ஒக்ரோபர். வடக்கில் ஊர்க்காரர்கள் அடித்துக் கொன்ற ஓர் ஆண் சிலந்தியை ஆய்வாளர் ரனில் நாணயக்காரவின் குழுவுக்குக் காட்டினார்கள். இதுவரை அறியாத இனம் என்று கருதி அவர்கள் உயிருள்ளவற்றைத் தேடினார்கள். கால்களை விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரும் அந்தச் சிலந்தியை 2012-ல் பிரித்தானிய டரண்டுலா சங்கத்தின் இதழில் பொசிலோதேரியா ராஜேயி என்று பெயரிட்டு விவரித்தார்கள்; அந்தத் தேடலில் துணைநின்ற ஒரு பொலிஸ் அதிகாரியின் பெயர் அது. முதிர்ந்த மரங்களின் பொந்தையே விரும்பும் உயிர். அவர்கள் கண்டவற்றில் சில மாங்குளம் ஆஸ்பத்திரி டொக்டர் விடுதியில் இருந்தன. காடு வெட்டப்பட்டு மரம் இல்லாமற்போனதால் பழைய கட்டடங்களுக்குள் ஒதுங்கியிருக்கின்றன என்று ஆய்வாளர் சொன்னார். அந்த ஒக்ரோபரில் அந்த மண்ணின் மக்களில் பெரும்பகுதியினர் செட்டிக்குளம் முகாம்களில் கம்பிவேலிக்குள் இருந்தார்கள். பொந்து இழந்த சிலந்தி ஆஸ்பத்திரிச் சுவரில். வீடு இழந்த மனிதர் தறப்பாள் கூடாரத்தில்.

இந்த ஒப்புமையை நான் இதற்கு மேல் கொண்டுபோக விரும்பவில்லை. காரணம் இந்த நகரத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. பாரிசின் மேற்கில், புவா து பூலோன்ய் காட்டோரத்தில் ஜார்தான் தக்கிளிமத்தாசியோன் என்று ஒரு பூங்கா உண்டு. இன்று பிள்ளைகள் விளையாடும் இடம். 1860-ல் அதைத் திறந்தபோது நோக்கம் தூரதேசத்து விலங்குகளையும் செடிகளையும் பிரான்சின் காலநிலைக்குப் பழக்குவது. 1877 முதல் அங்கே மனிதர்களையும் காட்சிக்கு வைத்தார்கள். 1883-ல் இலங்கையிலிருந்தும் ஆட்களை யானைகளோடு காட்சிக்கு அழைத்து வந்தார்கள். பாரிஸ்வாசிகள் கட்டணம் கொடுத்து, வேலிக்கு இப்புறம் நின்று, அவர்கள் சமைப்பதையும் ஆடுவதையும் பார்த்தார்கள். 1931-ல் நகரின் மறுபுறத்தில் குடியேற்றநாட்டுக் கண்காட்சி நடந்தபோது, புதுச்சேரியும் காரைக்காலும் அடங்கிய பிரெஞ்சிந்தியாவுக்கும் அங்கே ஒரு மண்டபம் இருந்தது. குடியேற்ற நாடுகளின் மீன்களைக் காட்டுவதற்கென்று அதே கண்காட்சிக்காகப் போர்த் தோரே மாளிகையின் அடித்தளத்தில் கட்டிய மீன்காட்சியகம் இன்றும் திறந்திருக்கிறது.

அந்த 1883 காட்சிக்குச் சரியாக 100 ஆண்டு கழித்து வந்தது, இலங்கையில் தமிழர்மேல் வன்முறை பாய்ந்த 1983 ஆடி. அதற்குப் பிறகு இலங்கையிலிருந்து பாரிசுக்கு வந்தவர்களை யாரும் கூட்டிவந்து காட்டவில்லை. அவர்கள் தாங்களாகத் தப்பி, தாங்களாக வழி தேடி, கார் து நோர் பக்கத்து வீதிகளில் தாங்களாகக் கடை திறந்தார்கள். 1985-ல் மாணிக்க விநாயகரைக் குடிவைத்தார்கள். இன்று ஆவணித் தேர் லாசப்பல் வீதிகளில் போகும்போது வெள்ளைக்காரர்கள் நடைபாதையில் நின்று படம் எடுக்கிறார்கள். ஆனால் தேங்காய் உடைப்பது அவர்களுக்காக அல்ல. பார்க்கப்படுவது மட்டும் மனிதரைக் காட்சிப்பொருள் ஆக்காது. எழும்பிப் போகும் உரிமை கையில் இல்லாததே ஆக்கும். சிலந்தி எழும்பிப் போக முடியாது. வருகிறாயா என்று அதை யாரும் கேட்கவுமில்லை.

அப்படிக் கேளாமல் கொண்டுவந்தவற்றைப் பின்னர் நகரம் என்ன செய்கிறது என்பதற்கும் சான்றுகள் இருக்கின்றன. 1984 மார்ச் 7. பிராணிக் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தக் கரைக்கு அருகே, பொன் நெஃப் பாலத்தடிச் சாக்கடையில் ஒரு நைல் முதலைக் குட்டியைக் கண்டு தீயணைப்புப் படையினர் பிடித்தார்கள். யாரோ வளர்த்து, பெரிதாகும் என்று தெரிந்ததும் கைவிட்டிருக்க வேண்டும் என்றே பலரும் கருதினார்கள். எலெயோனோர் என்று பெயரிட்டு பிரித்தானி மாகாணத்து வான் நகர மீன்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அது பல பத்தாண்டுகள் வாழ்ந்தது. சிவப்புக் காது ஆமைகளின் கதையும் அதுதான். நாணயம் போன்ற பருவத்தில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள்; அவை முப்பது வருடம் வாழும், இரு கைகொள்ளாத அளவுக்கு வளரும் என்று அறிந்ததும் பூங்காக் குளங்களில் விட்டார்கள். 1997-ல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியைத் தடுத்தபோது அவை ஏற்கெனவே குளங்களில் நிலைத்துவிட்டிருந்தன.

பச்சைக்கிளிகள் மட்டும் வேறு வழி போயின. 1974-ல் ஓர்லி விமான நிலையத்தில் சரக்காக வந்து கூண்டிலிருந்து தப்பிய ஒரு கூட்டம். பின்னர் ருவாஸி விமான நிலையத்தில் இன்னொன்று. இன்று பாரிஸைச் சுற்றி ஆயிரக்கணக்கில் பறக்கின்றன. பனியிலும் தாக்குப்பிடிக்கின்றன, பிளாட்டான் மரப் பொந்துகளில் முட்டையிடுகின்றன. மதுரை மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் கையிலும் இருக்கும் அதே கிளி. இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம். இங்கே அதை அந்நிய இனம் என்கிறார்கள். உள்ளூர்ப் பறவைகளின் பொந்துகளைப் பறிப்பதாக முறையிடுகிறார்கள். முறைப்பாட்டில் உண்மை இருக்கிறது. ஒரு பொந்தில் ஒரு குடும்பம்தான் இருக்க முடியும். மாங்குளத்திலும் பாரிசிலும் சிக்கல் கடைசியில் மரப்பொந்தில்தான் வந்து நிற்கிறது.

சட்டங்கள் மெல்ல இறுகுகின்றன. 2019-ல் ஜெனீவாவில் கூடிய அருகிவரும் காட்டுயிர்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை மாநாடு பொசிலோதேரியாக் குலம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. நட்சத்திர ஆமையை முதலாம் பட்டியலுக்கு உயர்த்தி வணிகத்தை ஏறக்குறைய மூடியதும் அதே மாநாடு. பிரான்சில் 2021 நவம்பர் 30 சட்டம், வீட்டுவிலங்கல்லாத இனங்களில் அரசு வெளியிடும் பட்டியலில் உள்ளவற்றை மட்டுமே செல்லப்பிராணியாக வைக்கலாம் என்ற கொள்கையை எழுதி வைத்திருக்கிறது. வளர்ப்பவர்கள் சொல்லும் மறுப்பையும் நான் எளிதாகத் தள்ளமாட்டேன். பெட்டியில் குஞ்சு பொரித்தால் காட்டில் பிடிக்கும் தேவை குறையும் என்கிறார்கள். குறையத்தான் செய்யும். அவர்கள் எழுதி வைத்த குறிப்புகள் இல்லாவிட்டால் இந்தச் சிலந்திகளின் வாழ்வில் பாதி நமக்குத் தெரியாமலே இருந்திருக்கும். ஆனால் பெட்டியில் பிறந்த சிலந்தி காட்டுக்குத் திரும்புவதில்லை. பெட்டிகளில் பத்தாயிரம் இருந்தாலும் நந்தியால் காட்டின் மரமொன்று விழுந்தால் அங்கே ஒன்று குறைந்தது குறைந்ததுதான்.

ஏன் என்பதற்கு விடை அந்தப் புதுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது. மீன் என்று நாம் சுட்டிக்காட்டுவது தண்ணீரும் பற்றீரியாவும் சேறும் சேர்ந்த ஒரு பெரும் உறவின் கண்ணுக்குத் தெரியும் நுனி. சிலந்தியும் அப்படியே. பாலை மரத்தின் முதுமை, அது பொந்து விழ எடுத்துக்கொண்ட நூறு வருடம், இருட்டில் பட்டையில் ஏறும் பூச்சிகள், மாரியில் ஊறும் மரத்தின் மணம், அருகே நெருங்கிக் கிடக்கும் தாய். இவ்வளவும் சேர்ந்ததற்குத்தான் புலிமுகச் சிலந்தி என்று பெயர். கண்ணாடிக்குள் வந்தது அதன் உடம்பு. உடம்பு உயிரோடிருக்கிறது, தின்கிறது, தோல் உரிக்கிறது. எஞ்சிய அதன் பெரும்பகுதி மாங்குளத்தில் நிற்கிறது, அல்லது நிற்காமற் போகிறது.

அப்படியானால் அந்தப் பிள்ளையின் கவனம் வீணா? இல்லை. இந்த விடயத்தில் நான் கண்ட மிகப் பெரிய சொத்து அதுதான். "அதுக்கு என்னைத் தெரியாது, அது பிரச்சினையில்லை" என்றவனின் சொல்லை நான் அவனைவிடத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன். தன்னை அறியாத ஓர் உயிருக்காக இரவில் எழும்புகிறான். அறிதலும் நன்றியும் வேண்டாத அந்தக் கரிசனைக்கு, அந்த உயிர் ஆறாம் மாடியில், கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய அவசியம் என்ன? நாயைத் தூர வைத்து நேசிக்க முடியாது. நாய்க்கு நாம் வேண்டும். சிலந்திக்கு நாம் வேண்டாம். நம்மை வேண்டாத உயிரை நேசிப்பவனுக்கு ஒரு சலுகை உண்டு: அது இருக்கும் இடத்திலேயே அதை நேசிக்கலாம், எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலும் நேசிக்கலாம், வாழ்நாளில் ஒருமுறையும் காணாமலே நேசிக்கலாம். பெட்டி தேவைப்படுவது நம் கண்ணுக்கு. வில்புரே பவர் தன் கூண்டைக் கடலுக்குள் இறக்கியபோது கண்ணின் தேவைக்கும் உயிரின் தேவைக்கும் நடுவே ஒரு வழி தேடினார். அந்தத் தேடலை நாம் பாதியில் விட்டுவிட்டோம்.

இதை அவனிடம் சொன்னேன். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "இதைப் பாத்தபடியாத்தானே மாமா எனக்கு மாங்குளம் தெரியும்" என்றான். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. பெட்டிக்குள் இருக்கும் அந்தப் பெண் சிலந்தி சாகும்வரை பார்ப்பது அவன் கடமை. அதை எங்கும் கொண்டுபோய் விட முடியாது, விடவும் கூடாது. அதற்குப் பிறகு இன்னொன்று வாங்குவானா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் சில நாள் கழித்து மாங்குளத்திலிருக்கும் தன் பெரியப்பாவுக்கு அவன் தொலைபேசி எடுத்திருக்கிறான். பழைய வளவில் பெரிய மரங்கள் இன்னும் நிற்கின்றனவா, பொந்து இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். ஒரு பாலையும் இரண்டு முதிரையும் நிற்கிறதாம். பாலையில் பொந்து இருக்கிறதாம். தேன் எடுக்க வருகிறவர்கள் அதைக் கொத்திப் பெருப்பிக்கிறார்களாம். முதிரைக்கு விலை கேட்டு ஆட்கள் வந்து போகிறார்களாம்.

"வெட்ட விடாதேங்கோ பெரியப்பா. அந்தப் பொந்துக்குள்ளை ஆரும் கை வைக்காமப் பாத்துக்கொள்ளுங்கோ."

"என்னாலை ஏலுமெண்டா பாக்க மாட்டனே, தம்பி. காணி இன்னும் எங்கடை கையிலை வரேல்லையே. வேலிக்கு இஞ்சாலை நிண்டுதான் நானும் அந்த மரத்தைப் பாக்கிறன்."